சிங்கப்பூரின் சுத்தம் அபராதத்தால் வந்ததா?

11.05.2025 – குளச்சலிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

"சிங்கப்பூர் சுத்தமாக இருப்பதற்கு அபராதம் ஒன்றே காரணம். நாகர்கோவிலில் குப்பை போடுகிறவர்களிடம் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கினால் ஒரே மாதத்தில் நம் ஊரும் சிங்கப்பூர் ஆகிவிடும். போய்வந்தவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?"

12.05.2025, காலை

சென்ற மார்ச்சில் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஏப்ரலில் ஒன்பது நாள் சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்தபிறகு அத்தனை உறுதியாகச் சொல்ல நா எழவில்லை. அபராதம் இருக்கிறது. ரயிலுக்குள் தின்றாலோ குடித்தாலோ 500 வெள்ளி என்று பலகையில் படம் போட்டே எழுதி வைத்திருக்கிறார்கள். (அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், எனக்கும் அது தொற்றிக்கொண்டது.) குப்பை போட்ட வழக்கு நீதிமன்றம் வரை போனால் முதல் முறைக்கே 2,000 வெள்ளி வரை விதிக்கலாம். பளிச்சென்ற மேற்சட்டையை மாட்டிவிட்டுப் பொது இடத்தைப் பெருக்க வைக்கும் தண்டனையும் 1992 முதல் உண்டு. சூயிங்கம் மென்றால்கூட அபராதம். இத்தனை இருந்தும், அந்த ஒன்பது நாளில் ஒருவர் அபராதம் கட்டுவதை நான் பார்க்கவில்லை. சீருடைக் காவலரையே இரண்டு முறைதான் கண்டேன். துடைப்பத்தோடு நின்றவர்களைத்தான் நாள்தோறும் கண்டேன்.

12.05.2025, இரவு

துடைப்பத்தைப் பற்றி விளக்கமாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

மகள் வீடு ஈசூனில், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது தளத்தில் இருக்கிறது. அங்கே கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், ஊரில் ஐந்து மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே ஏழரைக்குத்தான் கண் விழித்தது. முதல் இரண்டு நாளும் அந்த நேரத்தில் கீழே இறங்கி நடந்தேன். கட்டடத்தின் திறந்த கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம் வரை போகும் கூரையிட்ட நடைபாதை, ஓரத்துக் கால்வாய் என எல்லாமே இரவு முழுவதும் யாரும் புழங்காத இடத்தைப் போல இருந்தன. சுத்தமாகவே விடிகிற ஊர் என்று அன்று மாலை என் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். அந்தச் செய்தியை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் தூக்கம் கலைந்து ஐந்தரை மணிக்கே கீழே இறங்கினேன். அங்கே சூரியன் ஏழு மணி அளவில்தான் உதிக்கும் என்பதால் நல்ல இருட்டு. விளக்கொளியில் பார்த்தால், கல் மேசையைச் சுற்றிச் சிகரெட் துண்டுகளும், நசுக்கிய குளிர்பானக் குவளைகளும், சாப்பாட்டுப் பெட்டி ஒன்றும், கசங்கிய காகிதக் கைக்குட்டைகளும் கிடந்தன. நம் ஊர்க் கலையரங்கத் திண்ணையில் திருவிழாவுக்கு மறுநாள் கிடப்பவைதான், அளவில் கொஞ்சம் குறைவு. வங்கதேசத்து இளைஞர்கள் இருவர் ஒரு தள்ளுவண்டியோடு வந்து, ஒருவர் கூட்டிக் குவிக்க மற்றவர் அள்ள, ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தளத்தை முடித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். ஏழரைக்கு நான் முன்பு கண்டது அவர்கள் முடித்துவிட்டுப் போன இடத்தை. அந்த ஊரிலும் மக்கள் குப்பை போடத்தான் செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்கு வருவதற்குள் அது போய்விடுகிறது.

13.05.2025

திருத்தம். சூயிங்கம் மென்றால் அபராதம் என்று எழுதியது தவறு. மகள் படித்துவிட்டுத் தொலைபேசியிலேயே திருத்தினாள். 1992இல் தடை செய்யப்பட்டது அதன் இறக்குமதியும் விற்பனையும். மென்று முடித்ததை ரயில் கதவுகளில் ஒட்டிவிட்டுப் போனதால் கதவு சரியாக மூடாமல் ரயில்கள் நின்றதே அந்தத் தடைக்கு உடனடிக் காரணம். 2004 முதல் மருத்துவப் பயனுள்ள வகைகளை மருந்துக் கடையில் வாங்க முடிகிறது. துப்பினால் அபராதம் என்பது சரியே.

15.05.2025

உணவகங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அவமானப்பட்ட கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களை எல்லாம் 1971 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் கூரையும் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள கூடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். அவற்றைத் தமிழில் உணவங்காடி நிலையம் என்கிறார்கள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இதுவும் சட்டம். இந்த விவரத்தை மகளிடம் கேட்டறிந்த உற்சாகத்தில், நடுப்பகல் கூட்டத்தில் இடம் தேடிய நான், காலியாகக் கிடந்த மேசை ஒன்றின்மேல் யாரோ விட்டுப்போன காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தைக் குப்பை என்று கருதி எடுத்துத் தொட்டியில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் கையில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒரு சீனப் பெண்மணி வந்து, மேசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பொட்டலம் இடம்பிடிப்பதற்காக வைத்தது. நம் பேருந்துகளில் சன்னல் வழியே துண்டைப் போடுவோம் அல்லவா, அதே வழக்கம். மகள் மன்னிப்புக் கேட்டுப் புதுப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். எங்களோடு வந்திருந்த அத்தான் (அக்காளின் கணவர்) அன்று முழுவதும் என்னைச் "சுகாதார ஆய்வாளர்" என்றே அழைத்தார்.

அந்தக் கூடத்திலும் மேசை துடைப்பதற்கு எழுபது வயது மதிக்கத்தக்க முதியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை அத்தனை பெருமைக்குரியதாக இல்லை; தரை நனைந்து நாற்றம் அடித்தது. எல்லா மூலையும் பளபளக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் கடைவீதியை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்.

16.05.2025

"சின்ன ஊர், எளிதாகச் செய்துவிட்டார்கள்" என்ற மறுமொழிக்கு: சிங்கப்பூரின் பரப்பு 730 சதுர கிலோமீட்டர் அளவு, நம் குமரி மாவட்டம் 1,672. நம்மில் பாதிக்கும் குறைந்த நிலத்தில் அறுபது லட்சம் பேர் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நாம் 18.7 லட்சம். நெருக்கமாக வாழ்வதனால் சுத்தம் எளிதாகும் என்றால், நாகர்கோவில் வடசேரிச் சந்தை இந்த உலகத்திலேயே சுத்தமான இடமாக இருந்திருக்க வேண்டும்.

17.05.2025

நேற்று அவசரத்தில் கிண்டலாக எழுதிவிட்டேன். கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்; சின்ன ஊருக்கு ஓர் ஆதாயம் உண்டு. ஒரே அரசு, ஒரே எல்லை. பக்கத்து மாநிலத்திலிருந்து இறைச்சிக்கழிவு ஏற்றிய லாரி களியக்காவிளை வழியாக இரவில் வந்து கொட்டிவிட்டுப் போகும் சிக்கல் அங்கே இல்லை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் ஆற்றின் கதை வேறு. 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றில் மீன் பிடிக்கும்படி ஆகவேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கெடு வைத்தார். அந்த ஆறு அன்று பன்றிப் பண்ணைக் கழிவும், கரையோரக் குடிசைகளின் மலமும், சந்தைக் காய்கறி மிச்சமும், சரக்குப் படகுகளின் எண்ணெயும் கலந்து கறுத்துக் கிடந்தது. கரையில் நின்று அபராதச் சீட்டு எழுதி அதை மாற்றியிருக்க முடியாது. குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடி வீடு, தெரு வியாபாரிகளுக்குக் கூடம், படகுகளுக்குப் பாசிர் பாஞ்சாங்கில் வேறு துறை என்று ஒவ்வொருவருக்கும் போக்கிடம் உண்டாக்கி, பண்ணைகளை நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து அகற்றி, வீடுகளைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்து, அதன்பின் அடியிலிருந்த சேற்றை வாரினார்கள். 1987இல் வேலை முடிந்தது. போகச் சொன்னபோது எல்லாரும் மனமுவந்து போயிருக்க மாட்டார்கள். தலைமுறையாக இருந்த இடத்தை விட்டவர்களுக்கு அது எளிதாக இருந்திராது. 2008இல் முகத்துவாரத்தில் மரினா அணைக்கட்டு வந்தபின் அந்த ஆறு இன்று குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி.

அந்தக் கரையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பழையாறுதான் நினைவுக்கு வந்தது. சுசீந்திரம் தாண்டி மணக்குடியில் கடலைச் சேரும் அந்த ஆற்றில் சிறுவயதில் நான் குளித்திருக்கிறேன். இன்று நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்தில் காலை நனைக்கவும் தயங்குவேன். ஆற்றோரம் குடியிருப்பவரிடம் அபராதம் கேட்டால், "என் வீட்டுத் தண்ணீரை வேறு எங்கே விடட்டும்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். பதில் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? மண்டைக்காட்டுப் பக்கம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயைப் பாருங்கள்; 1860இல் படகுப் போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கியது, இப்போது பல இடங்களில் கால்வாய் எது, குப்பைமேடு எது என்று தெரியவில்லை.

18.05.2025

அத்தானின் துணுக்கு ஒன்று. ரயில் பலகையில் புகை, உணவு, தீப்பற்றும் பொருள் ஆகியவற்றுக்கு அடுத்து முள் முள்ளாக ஒரு பழம் வரைந்து விலக்கியிருந்தது. அதைப் பார்த்த அத்தான், "நம்ம சக்கைப் பழத்தையுமா இவர்கள் ஊர்விலக்கு செய்துவிட்டார்கள்?" என்று மெய்யாகவே வருந்தினார். (பலாவைத்தான் நாங்கள் சக்கை என்போம்.) பலகையில் இருந்தது டுரியான் பழம். அதன் மணத்துக்கு அஞ்சித்தான் தடை. அவர் பெட்டியில் அக்காள் வைத்தனுப்பிய சக்கை வற்றல் இரண்டு கிலோ இருந்தது என்பதால் அவர் கவலையில் பொருள் உண்டு.

20.05.2025

குப்பை எங்கே போகிறது என்ற கேள்விதான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் சிறந்தது. இங்கேதான் என் வியப்பு கொஞ்சம் குறைந்தது.

மகள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஓர் இரும்பு மூடி இருக்கிறது. அதைத் திறந்து குப்பைப் பையைப் போட்டால் ஏழு மாடி கீழே போய் விழுகிறது. சோறு, மீன் முள், பாட்டில், காகிதம், மின்கலம் எதைப் போட்டாலும் அந்தத் துளை ஏற்றுக்கொள்ளும். அங்கிருந்து எரியூட்டும் ஆலைக்குப் போய், எரிந்து, கன அளவில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாகி, படகில் ஏறிச் செமாக்காவ் என்னும் தீவுக் கிடங்குக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்தக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசே சொல்கிறது. எரிப்பதில் மின்சாரமும் கிடைக்கிறது. எல்லாம் சரி, ஆனால் வீட்டில் தரம் பிரிக்கும் பழக்கம் பெரும்பாலோருக்கு இல்லை. வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 2023இல் 12 விழுக்காடுதான். தேநீரைக்கூட நெகிழிப் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக் கொடுக்கிறார்கள். பேரங்காடியில் பைக்கு ஐந்து காசு கேட்கத் தொடங்கியதே 2023 ஜூலையில்தான்.

நானோ, வீட்டில் மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காத குப்பை ஒரு வாளி என்று வைத்துப் பழகியவன். மகள் வீட்டில் வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த வாளிக்கு என்று கேட்டு நின்றேன். "அப்பா, அந்தத் துளைக்குள் போடுங்கள்" என்றாள். போட்டேன். அது கீழே விழுந்த ஓசை கேட்டபோது, ஏதோ கடமையைத் தட்டிக்கழித்துவிட்ட குறுகுறுப்பு இருந்தது. ஒழுங்காக மறைத்து எரிக்கிறார்கள், உண்மை. நாகர்கோவிலின் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் தானாகத் தீப்பிடித்துப் புகை ஊருக்குள் வரும் நாள்களோடு ஒப்பிட்டால் அது எத்தனையோ மேல் என்பதும் உண்மை. ஆனால் குப்பையைக் குறைப்பதற்கு அவர்களிடம் நாம் கற்க அதிகம் இல்லை. கண்ணுக்குச் சுத்தமாக இருப்பதையும் குறைவாகக் கழிப்பதையும் நான் முதல் நாள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

21.05.2025

"தேக்கா பக்கம் மட்டும் அழுக்கு, நம் ஆட்கள் எங்கே போனாலும் இப்படித்தான்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

ஞாயிறு மாலை, தேக்கா என்று நம்மவர்கள் சொல்லும் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் சிராங்கூன் சாலைக்குப் போனேன். நெரிசல் அதிகம், குப்பையும் மற்ற இடங்களைவிட அதிகம், மறுக்கவில்லை. புல்திடலில் செய்தித்தாள் விரித்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நம் மாவட்டத்தார் பெரும்பாலும் வளைகுடாவுக்குப் போவதால் தெரிந்த முகம் எதுவும் அகப்படவில்லை. அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஜூரோங் பக்கம் நான்கு அடுக்குமாடிகளைக் கூட்டித் துடைப்பது அவர் வேலையாம். வாரத்தில் ஆறு நாள் ஐந்து மணிக்கு எழுந்து, ஏழாவது நாள் இரண்டு பேருந்து மாறி இங்கே வந்து, ஊர்க்காரரோடு பரோட்டா தின்றுவிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு இரவு விடுதிக்குத் திரும்புகிறார். "அங்கிள், ஒரு நாள் நாங்க ஒக்காந்த எடம் குப்பையா இருக்குன்னு சொல்றாங்க. மத்த ஆறு நாள் அவங்க எடத்த யாரு கூட்டுறா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை, அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் நெகிழிப் பையில்தான் வந்தது.

2013 டிசம்பர் 8ஆம் நாள் அங்கே பேருந்து மோதி ஒரு தமிழகத் தொழிலாளி இறந்ததும் கலவரம் மூண்டதும் பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் அந்த வட்டாரத்தில் மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. திங்கள் காலை மகளோடு அதே திடலைக் கடந்து போனபோது ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. அதைக் கூட்டியதும் அவரைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார்.

24.05.2025

அபராதக் கட்சியினருக்கு நான் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அத்தான் இதைப் படிப்பார் என்பதே. இப்போது அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

அத்தான் ஐம்பது ஆண்டுகளாக வெற்றிலை போடுகிறவர். தக்கலையில் அவர் உட்காரும் கடைத்திண்ணையின் கீழ்ச்சுவர் சிவந்திருப்பதற்கு அவர் பங்களிப்பு கணிசமானது. சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் வெற்றிலை நன்றாகவே கிடைத்தது, வாங்கவும் செய்தார். ஆனால் ஒன்பது நாளும் வெளியில் ஒரு தடவைகூட வாயில் போடவில்லை. வீட்டுக்கு வந்தபின், மகள் கொடுத்த பழைய பால்மாவுத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு போட்டார். பிடிபட்டால் எத்தனை ஆயிரம் ரூபாய் என்று முதல் நாளே கணக்குப் போட்டிருந்தார். ஊரில் இருந்த அக்காள் அதைக் கேள்விப்பட்டு, "நாப்பது வருசமா நான் சொல்லிக் கேக்காதவரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆகவே அச்சம் வேலை செய்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வெளியே வந்து, கார் வருவதற்குள் அவர் செய்த முதல் காரியம் என்ன என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். அவருடைய விளக்கம் இது: "அங்கே எனக்கு ஒரு தகரம் தந்தார்கள். இங்கே யார் தந்தார்கள்?" அவர் சாக்குச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சாக்கு முழுப்பொய் இல்லை.

02.06.2025

பேசிக்கொண்டே இருந்தால் போதுமா என்று குளச்சல் வாசகர் குத்திக்காட்டியதற்காக, எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை முன் நானே ஒரு தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். மூடியுள்ள பச்சைத் தொட்டி, கடையில் 640 ரூபாய். கடைக்காரர் முதல் நாள் மிக மகிழ்ந்தார். காகிதக் குவளைகள் கீழே விழுவது அன்றே பாதியாகக் குறைந்தது.

05.06.2025

தொட்டி நிரம்பி வழிகிறது. இரண்டாவது தெருவிலிருந்தெல்லாம் வீட்டுக் குப்பையைப் பையில் கட்டிக்கொண்டு வந்து வைக்கிறார்கள். ஒரு பையில் கோழிக்கழிவு இருந்ததால் நாய்கள் இழுத்துப் பரப்பிவிட்டன. கடைக்காரர் இன்று காலை என்னைக் கண்டதும் சொன்னது: "சாரே, தொட்டி வெச்ச பெறவுதான் இங்க சவறு கூடுது."

ஈசூனில் ஏழரை மணிக்கு எழுந்த ஆள் செய்கிற வேலையைத்தான் நான் மறுபடியும் செய்திருக்கிறேன். தொட்டியை வைத்தவன், அதைத் தினமும் யார் காலி செய்வது என்று கேட்டுவைக்கவில்லை.

11.06.2025

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் பேசினேன். செவ்வாயும் வெள்ளியும் வண்டி வரும் நாளில் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார், தரம் பிரித்து வைத்திருந்தால் மட்டும். கோழிக்கழிவை அவர் தொடமாட்டார்; அது நியாயம்தான், இறைச்சிக் கடைக்காரரிடம் தனியே பேச வேண்டும். மற்ற ஐந்து நாளும் காலை ஆறு மணிக்கு நானும் கடைக்காரரும் முறைவைத்துக் காலி செய்கிறோம். இன்று என் முறை. இரண்டாவது தொட்டி வாங்க அத்தான் பாதிப் பணம் தருகிறாராம், தனக்கென்று ஒரு தகரத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.